குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்: ஏழாம் மாதத்திலேயே பேசி முடிக்க வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தை ஒட்டியே நடக்கிறது. கேள்வியும் அப்போதுதான் எழும். வலி எடுத்து வார்டில் படுத்திருப்பவளிடம், "ரெண்டு ஆச்சே, ஆபரேஷன் பண்ணிடலாமாம்மா?" என்பார்கள். மாமியார் ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், பெங்களூருவில் சென்ட்ரிங் வேலையில் இருக்கும் கணவர் போனில் இன்னொன்று சொல்வார். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அவள் தலையாட்டுவாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

அரசின் விதி இதற்கு நேர் எதிரானது. வலியிலோ மயக்க மருந்திலோ மனக்கலக்கத்திலோ இருக்கும்போது கருத்தடைக்குச் சம்மதம் வாங்கக் கூடாது. ஆகவே இந்தப் பேச்சு ஏழாம் மாதத்திலேயே வீட்டில் முடிந்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போது நர்சம்மாவிடம், அதாவது உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம், உங்கள் முடிவைச் சொல்லித் தாய்-சேய் நல அட்டையில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். பிரசவ வார்டில் யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் காட்டுவதற்கு அந்த ஒரு வரி இருக்கும். வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாலும் அதையே குறித்துவைக்கலாம்.

என்ன செய்கிறார்கள்

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்றும் இருக்கிறது. கர்ப்பப்பையையோ சினைப்பையையோ யாரும் தொடுவதில்லை. கர்ப்பப்பையின் இருபுறமும் உள்ள கருக்குழாய்களை மட்டும் அடைக்கிறார்கள். குழாயின் நடுப்பகுதியை வளையம்போல் மேலே தூக்கி, தானாகக் கரையும் நூலால் அடியில் கட்டி, மேலே நிற்கும் துண்டில் சுமார் 1 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுப்பார்கள். சில வாரங்களில் நூல் கரைந்துவிடும். வெட்டுப்பட்ட இரு முனைகளும் தனித்தனியே விலகி மூடிக்கொள்ளும். முட்டை வழக்கம்போல் வரும், மாதவிலக்கும் வரும். விந்தணு முட்டையிடம் போய்ச்சேர வழி இருக்காது, அவ்வளவுதான்.

ஹார்மோன் எதுவும் மாறாததால் உடம்பு ஊதிப்போகும், ஆசை குறைந்துவிடும், களத்தில் இறங்கி வேலை செய்யத் தெம்பு இருக்காது என்பதெல்லாம் இந்த ஆபரேஷனால் வருவதில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் அதை நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் மாதவிலக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகப் படுவது போலத் தோன்றும். மாத்திரை குறைத்து வைத்திருந்த போக்கு பழைய நிலைக்குத் திரும்புவதுதான் அது.

யாருக்குச் செய்வார்கள், யார் பொறுத்திருக்க வேண்டும்

அரசு வழிகாட்டுதலின்படி பெண்ணுக்குத் திருமணமாகி இருக்க வேண்டும். வயது 22-லிருந்து 49-க்குள். ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. கணவர், மனைவி இருவரில் ஒருவர் ஏற்கெனவே கருத்தடை செய்திருந்தால் மற்றவருக்குச் செய்ய மாட்டார்கள். முன்பு செய்தது தோற்றுப்போயிருந்தால் அது வேறு கதை. கணவரின் கையெழுத்தை விதி கேட்கவில்லை. ஆனாலும் பல இடங்களில், "வீட்டுக்காரர் வரட்டும்" என்பார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்டால் நியாயம்தான். கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாது என்றால், சம்மதப் படிவத்தில் கணவர் சம்மதம் தேவையில்லை என்பதை எடுத்துச் சொல்லலாம்.

22 என்ற எண் நம் பக்கத்தில் பலரை இடறவைக்கிறது. பதினெட்டு முடிந்ததும் கல்யாணம், இருபத்தொன்றுக்குள் இரண்டு பிள்ளைகள் என்பது அஞ்செட்டி, சித்தேரி, பென்னாகரம் பக்கம் புதிதல்ல. அப்படிப்பட்டவரைத் திருப்பி அனுப்பினால் கோபப்பட வேண்டாம். ஆபரேஷன் செய்த பிறகு, "செய்திருக்க வேண்டாமே" என்று வருந்துபவர்களில் 30 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களே அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மறுமணம், குழந்தையின் இழப்பு என்று வாழ்க்கை மாறக் காலம் நிறைய இருக்கிறதே. குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் செய்வார்கள். ஆனால் அது பெரிய ஆபரேஷன், கரு தங்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அதை நம்பி முதல் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்.

இன்னொருவரும் பொறுத்திருக்க வேண்டும்: பிறந்த குழந்தை எடை குறைந்தோ மூச்சுத்திணறியோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது என்றால், அதே வாரத்தில் தாய்க்கு ஆபரேஷன் வேண்டாம். குழந்தை தேறி வீடு வந்து சேரட்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, காய்ச்சல் வந்து, அல்லது பிரஷர் கட்டுக்குள் வராமல் இருந்தாலும் டாக்டரே தள்ளிப்போடுவார்.

காத்திருக்கும் காலத்துக்கு

கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி இரண்டு வகை இருக்கிறது: 375 என்பது 5 ஆண்டுக்கு, 380-ஏ என்பது 10 ஆண்டுக்கு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம். அது தவறினால் 6 வாரம் கழித்து. பிரசவத்தோடு போட்டது நழுவி விழும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால் ஆறாவது வாரம் போய்ப் பார்த்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, "எனக்குக் காப்பர்-டி போட்டிருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், அட்டையிலும் பாருங்கள். போட்டது தெரியாமலே வீட்டுக்கு வந்து, வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்கும்போது கண்டுபிடிப்பது நடக்கிறது. கேட்காமல் போடுவது தவறு. வேண்டாமென்றால் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. மாதவிலக்கு ஒழுங்கு தவறும், சிலருக்கு நின்றே போகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டாம். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவரும் சாப்பிடலாம்: முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. கிழமை மறந்துபோவதுதான் இதில் உள்ள பெரிய தொல்லை. இவை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

அவர் செய்துகொண்டால்?

இரண்டில் எளிது ஆணுக்குச் செய்வதுதான். தழும்பில்லா வாசக்டமியில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, முதுகில் ஊசி இல்லை, தையலும் இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுக் கால் மணி நேரத்துக்குள் முடியும்; அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, கடினமான வேலைக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே குழாயில் தங்கியிருக்கும் அணுக்கள் வெளியேற 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம், அதன் பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வர வேண்டும். இந்த 3 மாதத்தை யாரும் சொல்லிக்கொடுக்காததால் மனைவி கர்ப்பமாகி, வீட்டில் வீண் சந்தேகம் கிளம்பிய குடும்பங்கள் உண்டு.

"மூட்டை தூக்குறவன், அவனுக்குத் தெம்பு போயிடும்" என்பதுதான் நம் ஊரில் இதற்குச் சொல்லும் முதல் மறுப்பு. தக்காளிக் கூடையும் தண்ணிக்குடமும் தூக்குகிற பெண்ணைப் பற்றி இந்தக் கவலை ஏன் வருவதில்லை என்பதை அந்தந்த வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடைக்கான இருவார விழா நடக்கும். அந்த நாட்களில் அரசு மருத்துவமனைகள் இதற்கென்றே ஏற்பாடு செய்வார்கள், விசாரிப்பதும் எளிது.

எப்போது செய்துகொள்வது

நான்கு வாய்ப்புகள் உண்டு.

சிசேரியன் ஆகிறது என்றால் வயிறு திறந்திருக்கும்போதே செய்துவிடலாம். தனி ஆபரேஷன் கிடையாது. அதனால்தான் ஏழாம் மாதத்து முடிவு முக்கியம். அவசர சிசேரியனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் இதை யோசிக்க நேரமிருக்காது.

சுகப்பிரசவம் என்றால் 24 மணி நேரத்துக்குப் பிறகு, 7 நாளுக்குள். அப்போது கர்ப்பப்பை தொப்புள் வரை உயர்ந்திருக்கும், குழாய்கள் எளிதாகக் கைக்கு வரும். தொப்புளுக்குக் கீழே சிறு வெட்டுப் போட்டால் போதும். 7 நாளைத் தாண்டிவிட்டால் கர்ப்பப்பை கீழே இறங்கிவிடும், புண் பிடிக்கவும் வாய்ப்பு கூடும். அதற்குப் பிறகு 6 வாரம் முடியும்வரை செய்ய மாட்டார்கள். தாய் வீட்டுக்குப் போய்ப் பத்தாம் நாள் வருகிறேன் என்று கிளம்புவது அதனால்தான் சரிப்படுவதில்லை.

6 வாரம் கழித்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆனால் மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 7 நாளுக்குள் வர வேண்டும். காரணம் எளிது: அந்த நாட்களில் கரு உண்டாகியிருக்க வாய்ப்பில்லை. அடுத்த மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் செய்துகொண்டால், ஏற்கெனவே உள்ளே தங்கிவிட்ட கரு பிறகு தெரியவரும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பழி வரும். பரிசோதனை அட்டையில் கருப் பரிசோதனை என்று ஒரு வரி இருக்கும், அது நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாள் குறிக்கும்போது வேலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனிலும், பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிப்பு உச்சத்தில் இருக்கும்போதும் ஆபரேஷன் செய்துகொண்டு பத்தாம் நாளே கூடை தூக்கினால் தையல் பிரியும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கருக்கலைப்போடு சேர்த்தும் செய்யலாம். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: கருக்கலைப்புக்கு ஆபரேஷனை நிபந்தனையாக யாரும் வைக்க முடியாது.

லேப்ராஸ்கோப்பி முறையைப் பிரசவமாகி 6 வாரத்துக்குப் பிறகோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட கருக்கலைப்போடு சேர்த்தோதான் செய்வார்கள். பிரசவத்தை ஒட்டிச் செய்வது எப்போதும் சிறு வெட்டு முறையில்தான். லேப்ராஸ்கோப்பியில் தொப்புளுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அளவு துளையிட்டு, வயிற்றில் வாயு நிரப்பி, குழாய்களில் சிறு ரப்பர் வளையம் மாட்டுவார்கள். மறுநாள் தோள்பட்டை வலித்தால் அது மீந்திருக்கும் வாயுவால் வருவது. ஓரிரு நாளில் போய்விடும்.

எங்கே, என்னென்ன கொண்டுபோக வேண்டும்

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஓசூர், அரூர், பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை போன்ற தாலுகா ஊர்களின் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் விசாரிக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் ஆபரேஷன் கிழமை வேறு. மயக்க மருத்துவர் வரும் நாளைப் பொறுத்து அது மாறும். வத்தல்மலையிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ பஸ் பிடித்து இறங்கி வந்து, "இன்னிக்கு டாக்டர் இல்லை" என்று திரும்பிப் போகாமலிருக்க, முதல் நாளே நர்சம்மாவை விட்டு போன் செய்யச் சொல்லுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸ், தாய்-சேய் நல அட்டை (அதில் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவுசெய்த எண், இருக்கும்), மூத்த குழந்தையின் பிறப்புச் சான்று, இரண்டு மூன்று பாஸ்போர்ட் அளவுப் படம். பெங்களூருவில் பிரசவமாகி இங்கே வந்து ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் கொண்டுவர வேண்டும். எப்படிப் பிரசவம், ரத்தம் ஏற்றினார்களா, பிரஷர் இருந்ததா என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும். வேலையிழப்புக்கான சிறு தொகை ஒன்றும் உண்டு. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

பரிசோதனைகளில் முக்கியமானது ரத்த அளவு. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைந்தால் செய்ய மாட்டார்கள். 7 என்பது கடைசி எல்லை; அந்த அளவில் போய்ப் படுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஏழாம் மாதத்திலேயே அளவு பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரோடு போடுங்கள். டீயோடும் பாலோடும் போட்டால் சத்து உடம்பில் சேராது. ராகிக் களி தின்றால் ரத்தம் ஊறும் என்று நம்பி மாத்திரையைத் தலையணைக்கடியில் வைப்பவர்கள் நிறைய. களி நல்ல சாப்பாடுதான், ஆனால் 8-லிருந்து 11-க்கு அது மட்டும் ஏற்றிவிடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரும்புச்சத்து ஊசி ஏற்றிக்கொள்ளலாம், அதற்கும் நாள் வேண்டும். சிறுநீரில் சர்க்கரை, புரதம், பிரஷர் இவையும் பார்ப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, முன்பு வயிற்றில் நடந்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து எதையும் மறைக்காதீர்கள். முன்பு நடந்த ஆபரேஷனால் உள்ளே குடல் ஒட்டியிருந்தால் வெட்டும்போது காயம்படும். தெரிந்திருந்தால் டாக்டர் முறையை மாற்றுவார்.

சம்மதப் படிவம்

தமிழில்தான் இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள், படிக்கத் தெரியாவிட்டால், வார்டில் அந்த மொழி தெரிந்தவரை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கைநாட்டு வையுங்கள். படிவத்தில் சில வரிகளை மெதுவாகப் படிக்க வேண்டும். வேறு தற்காலிக முறைகள் இருப்பது தெரியும் என்று ஒரு வரி. இது நிரந்தரமானது என்று ஒரு வரி. அரிதாகத் தோற்றுப்போகலாம் என்று ஒரு வரி. மாதவிலக்கு தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனைக்குத் தெரிவிப்பேன் என்று ஒரு வரி. கடைசி வரிதான் பின்னால் உங்கள் உரிமைக்கு ஆதாரம். கத்தி வைப்பதற்கு முந்தின நிமிடம் வரை மனம் மாறலாம். அப்படி மாறினால் வேறு எந்தச் சிகிச்சையையும் சலுகையையும் நிறுத்த முடியாது.

ஆபரேஷன் அன்று

சாப்பாடு, பால், டீ எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். தண்ணீர்கூட 4 மணி நேரத்துக்கு முன். "பால் கொடுக்கிற பொண்ணு, பசியோட எப்படி இருப்பா" என்று அத்தை பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்துவிடுவார். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள். சில மணி நேரம் தள்ளிச் செய்வார்கள், அதற்காக யாரும் திட்டினாலும் பரவாயில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். நகை, கொலுசு, கண்ணாடி வளையல், நகப்பூச்சு எல்லாம் நீக்கிவிட வேண்டும். தாலிக்கயிற்றைக் கழற்ற மனமில்லையென்றால் நர்சிடம் சொன்னால் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள்.

மேசைக்குப் போகும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நிறைந்த சிறுநீர்ப்பை வெட்டும் இடத்துக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

அரைக்குக் கீழ் மரத்துப்போக முதுகில் ஊசி போடலாம், அல்லது வெட்டும் இடத்தில் மட்டும் ஊசி போட்டுக் கூடவே தூக்க மருந்து கொடுக்கலாம். எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டு 5 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். வலி இருக்காது, ஆனால் குழாயை மேலே எடுக்கும்போது அடிவயிற்றை யாரோ இழுப்பது போலவும் வாந்தி வருவது போலவும் இருக்கும். அது வந்தவுடன் வாயைத் திறந்து மூச்சு விடுங்கள், நர்சிடம் சொல்லுங்கள். ஒருபுறம் முடிந்ததும் மறுபுறமும் அதே உணர்வு வரும். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதுகில் ஊசி போட்டவர்களில் சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலை விண்ணென்று வலிக்கும், படுத்தால் குறையும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வரும் இடுப்புவலிக்கு அந்த ஊசியைக் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் காரணம் குனிந்து செய்யும் வேலையும், சத்துக்குறைவும், அடுத்தடுத்த பிரசவமும்தான்.

வீட்டுக்கு வந்தபிறகு

102 வண்டி பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விடும். டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே கேட்டுவையுங்கள்.

வீட்டில் முதலில் சண்டை வருவது தண்ணீரில். புண் சீழ்வைக்கும் என்று தண்ணீரையும் பருப்பையும் காயையும் நிறுத்தும் பத்தியம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அடங்கத் தண்ணீர் வேண்டும். மலச்சிக்கல் வந்து முக்கினால்தான் தையல் வலிக்கும். முட்டை, பருப்பு, கீரை எதையும் விலக்க வேண்டாம். முதல் நாள் மட்டும் கஞ்சி, இட்லி என்று இலேசாகத் தொடங்கினால் போதும்.

24 மணி நேரம் கழித்து உடம்புக்கு ஊற்றிக்கொள்ளலாம், கட்டு மட்டும் நனையக் கூடாது. நனைந்துவிட்டால் துடைத்துவிட்டு அப்படியே விடாமல் செவிலியரிடம் கட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மஞ்சள், சாம்பல், விளக்கெண்ணெய் எதையும் புண்ணில் வைக்கக் கூடாது. பாவாடை நாடாவைப் புண்ணுக்கு மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டுங்கள். நாடா உரசினால் புண் ஆறத் தாமதமாகும். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குள் இலேசான வேலை பார்க்கலாம். ஏழாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். தண்ணிக்குடம், சிமென்ட் சட்டி, மாட்டுத் தீவனக் கட்டு எதையும் இரண்டு வாரத்துக்குத் தொடாதீர்கள். பிரசவத்தை ஒட்டிச் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். கணவரோடு சேர்வது பற்றித் தையல் பிரிக்கும்போது கேளுங்கள். பிரசவம் ஆனவருக்கு ஒரு பதில், மற்றவருக்கு வேறு பதில்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சல், புண் சிவந்து சீழோ ரத்தமோ கசிவது, மாத்திரை போட்டும் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மயக்கம், வயிறு உப்பி, வாயு பிரியாமல், வாந்தி வருவது. கடைசியாகச் சொன்னது குடலில் காயம் பட்டதன் அடையாளமாக இருக்கலாம். வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு ஒரு நாள் கடத்தினால் விபரீதமாகும். ஊரிலிருக்கும் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளாமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே 108-ல் போங்கள்.

சான்றிதழும், தோற்றுப்போனால் செய்ய வேண்டியதும்

ஒரு மாதம் கழித்து, அல்லது முதல் மாதவிலக்கு வந்தபிறகு, போய்க் கருத்தடைச் சான்றிதழை வாங்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தது, வீட்டுக்கு வந்தாயிற்று என்று இதை விட்டுவிடுபவர்களே அதிகம். இழப்பீடு கேட்கவும், பெண் குழந்தைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் முதலில் கேட்கப்படும் தாள் இதுதான். தனியார் மருத்துவமனையில் செய்திருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

ஆயிரம் பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு முதல் ஆண்டிலேயே கரு தங்கிவிடுகிறது. பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு 2 பேர் வரை. வெட்டிய முனைகள் மறுபடி ஒட்டிக்கொள்வதும், குழாய் என்று நினைத்துப் பக்கத்தில் உள்ள தசைநாரைக் கட்டிவிடுவதும் காரணங்கள். ஆகவே, மாதவிலக்கு தள்ளிப்போனால், "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று மூன்று மாதம் உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது மிக ஆபத்தான வழி. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கருக்களில் குழாயிலேயே தங்குபவை அதிகம். மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தப்போக்கு மட்டும் வரும், கலைந்துவிட்டது என்று நம்பி வீட்டிலிருப்பீர்கள், உள்ளே குழாய் வெடிக்கும். நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒருபக்கம் குத்துவலி, பொட்டுப் பொட்டாக ரத்தம், தோள்பட்டை வலி, மயக்கம் என்று வந்தால் ஸ்கேனும் ரத்த வங்கியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். கரு கர்ப்பப்பைக்குள் இருந்தால் வைத்துக்கொள்வதோ கலைப்பதோ உங்கள் விருப்பம்; கருத்தடை தோற்றதைச் சட்டமே கருக்கலைப்புக்குக் காரணமாக ஏற்கிறது, அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை.

தோற்றுப்போனதற்கு இழப்பீடு ரூ.60,000. தெரியவந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கருத்தடைச் சான்றிதழ், சம்மதப் படிவ நகல், கர்ப்பத்தை உறுதிசெய்த பரிசோதனைச் சீட்டு அல்லது ஸ்கேன், ஆதார், பாஸ்புக் ஆகியவற்றோடு ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கொடுங்கள். இழுத்தடித்தால் மாவட்டத்தின் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போகலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள், 90 நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. ஆபரேஷனால் ஏற்பட்ட சிக்கலுக்கான சிகிச்சைச் செலவுக்கும், உயிரிழப்புக்கும் இதே திட்டத்தில் தனித்தனித் தொகை உண்டு.

இரண்டும் பெண் என்றால்

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கிப் பிறகு தருமபுரிக்கும் வந்தது ஏன் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு வந்த முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் இன்றும் இருக்கிறது. ஒரே பெண் என்றால் ரூ.50,000, இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு ரூ.25,000 குழந்தையின் பெயரில் வைப்பு வைப்பார்கள். 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் கருத்தடை செய்திருக்க வேண்டும், ஆண் குழந்தை இருக்கக் கூடாது. "ஒருவர்" என்றுதான் விதி சொல்கிறது, தாய் என்று சொல்லவில்லை. கணவரின் வாசக்டமிச் சான்றிதழும் செல்லும்.

இந்தத் தொகைக்காக 23 வயதில் ஓடிப்போய் ஆபரேஷன் செய்துகொள்வது புத்திசாலித்தனம் இல்லை. விண்ணப்பிக்கும் கெடு குழந்தைக்கு (இரண்டு பெண் என்றால் இளையவளுக்கு) 3 வயது முடியும் வரை இருக்கிறது. அந்த மூன்று ஆண்டைக் காப்பர்-டியோடு கடத்திவிட்டு, இளையவள் நடந்து பேசித் தேறியபிறகு, மூன்றாம் பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பு ஆபரேஷன் செய்துகொண்டாலும் பணம் கிடைக்கும். ஆறு மாதம் ஏன் என்றால், கருத்தடைச் சான்றிதழ் வர ஒரு மாதம், தாசில்தார் அலுவலகத்தில் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆண் வாரிசு இல்லை என்ற சான்று மூன்றும் இ-சேவையில் போட்டு வாங்க இன்னும் சில வாரம் ஆகும். வருமான உச்சவரம்பு அவ்வப்போது மாறுவதால், வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் உள்ள சமூக நல விரிவாக்க அலுவலரிடம் முதலில் கேட்டுக்கொண்டு சான்றுக்குப் போடுங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரில்தான். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் இனிஷியலோடு, கருத்தடைச் சான்றிதழில் நர்ஸ் காதில் விழுந்தபடி என்று மூன்று விதமாக இருக்கும். சான்றிதழைக் கையில் வாங்கும் இடத்திலேயே ஆதாரை பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்து, தவறு இருந்தால் அங்கேயே திருத்தி முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்துப் போனால் அந்தப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாலு நடை நடக்க வேண்டிவரும்.